ஆலாத்தித் தட்டும் சிலிக்கன் தட்டும்

நாலு வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. இடம், அனலைதீவில் எங்கள் அண்ணை வீட்டுப் பின்னறை. முன்னால் பந்தலில் மேளம் முழங்க, பெரியபிள்ளையான அண்ணையின் மகளுக்குச் சாமத்தியவீடு நடந்துகொண்டிருந்தது. நானோ பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக, அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கதிரையைப் போட்டு, மடிக்கணினியைத் தையல் மெசினுக்கு மேல் வைத்துக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாட்டில் நின்ற ஒரு இயந்திரத்துக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பேன் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் குவாண்டம் சாதனங்கள் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குவாண்டம் என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், எனக்கும் பாதி நாள் அது பயம்தான். ஒரு சிலிக்கன் தட்டின் மேல், மயிரிழையை நூறாகக் கிழித்தது போல மெல்லிய அலுமினியக் கோடுகளைப் போட்டு, பிறகு அதைப் பயங்கரமாகக் குளிரவைத்தால், அந்தக் கோடுகள் தனி அணுவைப் போல நடந்துகொள்ளும். அந்தக் கோடுகளை எப்படிப் போடுவது என்று வரைவதுதான் என் வேலை. வரைய ஒரு கணினி போதும். தட்டில் எழுதத்தான் தூசி துரும்பு இல்லாத அறையும், எலக்ட்ரான் கற்றையால் எழுதுகிற இயந்திரமும் வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை வாங்கி வைப்பது நடக்கிற காரியம் இல்லை.

இந்தியாவில் ஒரு நகரத்தில் அதற்கென்று ஒரு பொதுக் கூடம் இருந்தது. உள்ளூர், வெளியூர் என்று பார்க்காமல், விண்ணப்பித்து எடுபட்டவர்களுக்கு முறை போட்டு நேரம் தருவார்கள். எங்கள் தோட்டத்துப் பங்குக் கிணறு மாதிரித்தான். ஒரு கிணறு, ஆறு பங்காளிகள், ஆளுக்கொரு நாள் இறைப்பு. உன் நாளில் மோட்டர் பழுதானால் உன் வெங்காயம்தான் வாடும். அடுத்தவனுடைய நாளைப் போய்க் கேட்க முடியாது. எனக்கு அந்தக் கூடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நாலு மணித்தியாலம் கிடைத்தது.

முதல் தடவை பயிற்சிக்கு நேரில் போனேன். இயந்திரத்தை இயக்குகிறவர் ஒரு பெண், மதுரைப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். முதல் நாளே முகமூடியோடு வாசலில் நின்று என்னைத் திருப்பி அனுப்பினார்.

"முகத்துல பவுடர் இருக்கேங்க. கழுவிட்டு வந்துருங்க."

பவுடர் பூசாமல் வெளிக்கிடுவதென்றால் எனக்குச் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி. கோபம் கோபமாக வந்தது. கழுவிவிட்டு வந்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி உள்ளே போனால், அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். மற்ற வெளிச்சம் பட்டால் தட்டில் பூசியிருக்கும் பூச்சுக் கெட்டுவிடுமாம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மூன்று நாளாக அவருடைய கண்களை மட்டும்தான் பார்த்தேன். நாலாம் நாள் மதியம், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் வந்திருந்து தயிர்ச்சாதம் சாப்பிட்ட ஒரு பெண்ணிடம் "நீங்கள் எந்தப் பகுதியில் வேலை?" என்று மரியாதையாகக் கேட்டேன். மதுரைப் பெண்தான் அது, முகமூடி இல்லாமல் எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

எதிரே இருந்தவர் ஒரு ஆராய்ச்சி மாணவர். இந்தியாவின் வடக்கே மலைப்பகுதியிலிருந்து வந்தவர். மெதுவாகப் பேசுவார், அதுவும் கேட்டால்தான். நான் தீவு என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பனி விழுந்தால் தங்கள் ஊருக்கும் மாதக்கணக்கில் பாதை மூடிவிடும் என்றார். சின்ன வயதில் ஒரு பரீட்சையை அதனால் எழுதாமல் விட்டாராம். நானும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்குப் படகு ஓடாத கதைகளை அவிழ்த்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தை இப்போது நினைத்தாலும் மனம் அங்கே போய்விடுகிறது. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பாஷை, எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு. அவர் தட்டு எடுக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன், நான் எடுக்கும்போது அவர் நிற்பார்.

அதற்குப் பிறகு நேரில் போகத் தேவை இருக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. நாங்கள் வரைந்த கோப்பை இணையத்தில் அனுப்புவோம், அந்த மதுரைப் பெண் அங்கே இயந்திரத்தில் ஏற்றி, திரையில் காட்டி, நாங்கள் சரி என்றதும் எழுதத் தொடங்குவார். மூன்று மணித்தியாலம் ஓடும். தொடங்கினால் இடையில் திருத்த முடியாது.

நான் சொன்ன ஆனி மாதத்து முறையில் சாப்பாட்டு மேசையில் சந்தித்த அந்த மலைநாட்டுக்காரரும் நானும் கூட்டுச் சேர்ந்தோம். என் கோடுகளுக்கு அரைத் தட்டுப் போதும், அவருக்கும் அரைத் தட்டுப் போதும். இரண்டையும் ஒரே கோப்பாகச் சேர்த்து என் முறையில் எழுதுவது என்று பேச்சு. "சேர்க்கிற வேலையை என்னிடம் விடுங்கள்" என்று வலியப் போய் வாங்கிக்கொண்டவளும் நானேதான். அவருக்கு அந்தத் தட்டு உயிர். மாத முடிவோடு அவருடைய உதவித்தொகை முடிகிறது. அடுத்த வாரம் குளிரூட்டும் இயந்திரத்தில் அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் தட்டு கைக்கு வராவிட்டால், ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் இல்லாமலே அவர் ஊருக்குப் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் ஒரு திருத்தம் அனுப்பினார். கணக்குப் பிழைத்துவிட்டது, தன் கோடுகள் சந்திக்கிற இடங்களை இன்னும் சிறிதாக்கவேண்டும் என்று. எனக்கும் என் பக்கத்தில் ஒரு திருத்தம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் புதுக் கோப்புச் செய்தேன். பழையதை அழிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே விட்டேன். எனக்கு எதையும் எறிய மனம் வராது. எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தால் தெரியும்.

அண்ணையின் மகளுக்குச் சாத்திரியார் குறித்த நாள் அதே திங்கட்கிழமையாக அமைந்தது. நான் யாழ்ப்பாணத்திலேயே நின்று வேலையை முடித்துவிட்டு மறுநாள் போயிருக்கலாம். ஆனால் மாமி முறைக்கு நான் ஒருத்திதான், நான் இல்லாமல் எப்படி என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். அண்ணையும் ஊர்காவற்றுறையிலிருந்து வாடகைக்கு ஒரு ஜெனரேற்றர் எடுத்து, நாலு பேர் பிடித்துப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். தீவில் கரண்ட் அடிக்கடி நின்றுவிடும், அன்றைக்கு நின்றால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம். அந்த ஜெனரேற்றர் காலையிலிருந்து ஒரு இருமல்கூட இருமாமல் ஓடியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு என் முறை தொடங்கியது. மதுரைப் பெண் திரையில் வந்தார், தட்டை ஏற்றினார், இயந்திரம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள அரை மணித்தியாலம் எடுத்தது. கோப்பை அனுப்பினேன். அது போய்ச் சேரவும் அண்ணை பின்னறை வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"பிள்ளை, ஆலாத்தி எடுக்கவேணும். ஒருக்கா வாவன்."

"இப்ப ஏலாது அண்ணை. மெசின் துவங்கப் போகுது."

"மெசின் எங்க நிக்குது?"

"இந்தியாவில."

"அப்ப அது எங்கயும் ஓடிப்போகாதுதானே? நேரம் போகுது. சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

திரையில் அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டி, "இதுதானே? ஒரு தடவை நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கவேண்டும். பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கணத்தில் கண்ணில் தெரிந்தது பந்தலில் காத்து நிற்கிற சனமும், வீடியோக்காரரும், என் சேலைக் கொசுவமும்தான். "சரி, தொடங்குங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பி ஓடினேன். கணினியை மூடவில்லை, ஒலிவாங்கியை நிறுத்தவும் இல்லை.

ஆலாத்தி நன்றாக நடந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்த நிமிடம் மிக அழகாக இருந்தது. அண்ணியின் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் தட்டு, வாழைக்காய்த் துண்டுகளில் திரிகள் எரிய, முதல் தரமாகச் சேலை கட்டின பிள்ளை வெட்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குக் கண் கலங்கியது.

பிறகு படம், பந்தி, வந்தவர்களை வழியனுப்புவது. மூன்று மணிக்குத்தான் திரும்பப் பின்னறைக்கு வந்தேன். தட்டைக் கழுவி எடுத்த படங்கள் வந்திருந்தன. முதல் படத்தைத் திறந்தேன். எல்லாம் பழைய கோடுகள். அவருடைய பாதியும் பழையது, என்னுடைய பாதியும் பழையது. அவசரத்தில் பக்கத்தில் கிடந்த பழைய கோப்பை அனுப்பியிருக்கிறேன். தட்டை மறுபடி கழுவிப் பூச்சுப் பூசி எடுக்கலாம். போன நாலு மணித்தியாலம் போனதுதான்.

மலைநாட்டுக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. "என் பக்கம் பழைய அளவில் இருக்கிறதே, ஏதாவது நடந்ததா?" என்று கேட்டிருந்தார். ஒரு கடிந்த சொல் இல்லை.

தீவில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் படகு. வகுப்புக்குப் போக விருப்பமில்லை என்றால் படகு. பிடிக்காத சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போகாவிட்டால் கடல் கொந்தளிப்பு. கரண்ட் வந்த பிறகு கரண்ட், போன் வந்த பிறகு சிக்னல். இவற்றில் எதைச் சொன்னாலும் வெளியாட்கள் திருப்பிக் கேட்கமாட்டார்கள். "ஐயோ பாவம்" என்பார்கள். பாதி நாள் அது உண்மையாகவும் இருப்பதால் எங்கள் நாக்குக்கு அது பழகிப்போய்விட்டது. என் விரல்களுக்கும் பழகியிருந்தது. யோசிக்கவே இல்லை. "எங்கள் தீவில் கரண்ட் நின்றுவிட்டது. புதுக் கோப்பு ஏறவில்லை, படமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மிகவும் வருந்துகிறேன்" என்று இருவருக்கும் அனுப்பினேன். பந்தலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது.

மதுரைப் பெண் "சரிங்க" என்று ஒரு சொல்லில் பதில் போட்டார். மலைநாட்டுக்காரர் மாலையில் எழுதினார். எனக்குப் புரிகிறது, எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றார். வியாழக்கிழமை எனக்கு ஒரு முறை இருக்கிறது, அதை வேறொரு தட்டுக்கு வைத்திருந்தேன், அந்தத் தட்டைப் பிறகு பார்க்கலாம், நம் கூட்டுத் தட்டையே மறுபடி எழுதுவோம், உங்கள் பாதியும் அதில் இருக்கட்டும், புதுக் கோப்பை அன்று காலை அனுப்பினால் போதும், அவசரப்படாதீர்கள் என்றார். கடைசியில் இன்னொன்றும். தொடர்பு உறுதியில்லாத இடங்களுக்கு இப்படித் தூரத்திலிருந்து முறை கொடுக்கலாமா என்று கூடத்தில் கேள்வி வந்ததாம். தான் பொறுப்பாளரிடம் போய் எனக்காகப் பேசியிருக்கிறாராம்.

ஆள் ஏமாந்துவிட்டார், பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்படுகிற அளவுக்கு எனக்குத் தோல் தடிப்பில்லை. உண்மையைச் சொல்கிற அளவுக்கு மனத்தைரியமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மிஞ்சின பலகாரத்தைக் கட்டிக் கட்டி அயலுக்கெல்லாம் கொடுத்தோம். அண்ணை நான் பிசைந்தபடி வைத்திருந்த சோற்றைப் பார்த்துவிட்டு, "என்ன, கறி உறைச்சுப்போச்சோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்.

புதன்கிழமை மாலைப் படகில் யாழ்ப்பாணம் போய், இந்தத் தடவை அங்குள்ள பெரிய திரையில் ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்து, வியாழன் காலை பல்கலைக்கழகத்திலிருந்து கோப்பை அனுப்புவதென்று திட்டம். ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டால் சொன்ன பொய் தானாகக் கரைந்துவிடும் என்று ஒரு கணக்கு. புதன் மத்தியானம் சோளகம் பிடித்தது. சும்மா காற்றில்லை, கூரைத் தகரத்தைப் பேசவைக்கிற காற்று. மாலைப் படகு நின்றது. இருட்டுவதற்குள் எங்கேயோ கம்பி அறுந்து தீவு முழுக்கக் கரண்ட் நின்றது. ஜெனரேற்றரை முதல் நாளே திருப்பி அனுப்பியாகிவிட்டது. சிக்னலும் போனது.

வியாழன் காலை ஏழரை மணிக்கு அண்ணை என்னை மோட்டார் சைக்கிளில் துறைக்குக் கொண்டுபோய் விட்டார். படகுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"இண்டைக்கு ஏலாது தங்கச்சி. பாக்கிறீர்தானே, எப்பிடி எழும்புதெண்டு."

பார்த்தேன். அலை துறைக் கல்லில் அடித்து மேலே சிதறியது. துறை நுனிக்குப் போனால் எதிர்க்கரைக் கோபுரத்திலிருந்து கொஞ்சம் சிக்னல் எட்டும். பேசலாம். கோப்பை அனுப்ப முடியாது. அரை மணித்தியாலம் முயன்று பார்த்தேன், நூற்றில் இரண்டு பங்குகூட ஏறவில்லை. போனில் சார்ஜும் கொஞ்சம்தான் இருந்தது.

மலைநாட்டுக்காரரை அழைத்தேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். படகு ஓடவில்லை, கரண்ட் இல்லை, கோப்பை அனுப்ப முடியாது என்றேன். அத்தனையும் உண்மை. சொல்லும்போது என் காதுக்கே அது பொய் போலக் கேட்டது. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"கவலைப்படாதீர்கள். பதினொரு மணிவரை தொடங்காமல் வைத்திருக்கிறேன். அதற்குள் கரண்ட் வந்தால் அனுப்புங்கள்."

"வேண்டாம். உங்கள் பாதியை மட்டும் எழுதுங்கள்."

"இரண்டாவது தடவையும் உங்களுக்கு இப்படியா? அது நியாயமில்லை. நான் காத்திருக்கிறேன்."

பதினொன்றுக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு மயிரிழையில் முடியும். கொஞ்சம் பிசகினாலும் அவருடைய முறையும் போய்விடும். கரண்ட் அன்றைக்கு வராது என்று எனக்குத் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் கேட்கிறபாடாக இல்லை. என்னை இரக்கப்படவேண்டிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவர் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

"திங்கட்கிழமை கரண்ட் நிற்கவில்லை" என்றேன்.

காற்றில் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். இணையமும் நிற்கவில்லை, வீட்டில் விசேஷம், பிழையான கோப்பை அனுப்பினேன், அவர்கள் காட்டினபோது பார்க்காமலே சரி சொன்னேன், பிறகு பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"நான் உங்களுக்காகப் பொறுப்பாளரோடு சண்டை பிடித்தேன்" என்றார் அவர். மெதுவாகப் பேசுகிற அந்த ஆளின் குரல் உயர்ந்தது. "'தீவு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது' என்று அவரிடம் சத்தம் போட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க அவர் வைத்துவிட்டார்.

துறையில் நின்று அழுதேன். தண்ணீர் தெறித்து முகம் நனைந்திருந்ததால் வெளியில் தெரியவில்லை. அடுத்ததாக மதுரைப் பெண்ணுக்கு எடுத்தேன். அவரிடமும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மேளச் சத்தம் கேட்டுச்சுங்க. மைக் செட்டு வேற பாடிட்டு இருந்துச்சு. கரண்டு போயிருந்தா அது எப்படிப் பாடும்னு நினைச்சேன்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அங்கே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஒரு வேலை பிழைத்தால் என்ன பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று எழுதிவைப்பார்கள். யாரையும் தண்டிக்க இல்லை, அடுத்த முறைக்காரர் அதே குழியில் விழாமல் இருக்க. திங்கட்கிழமை வேலைக்கு எல்லாம் எழுதி, காரணம் என்ற கட்டத்தை மட்டும் அவர் வெறுமையாக விட்டு வைத்திருந்தார். இப்போது எழுதட்டுமா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பயனர் படத்தைப் பார்க்காமல் சம்மதம் சொன்னார். வீட்டில் விசேஷம் இருந்தது. மின்சாரம் இருந்தது.

"கரண்டு இருந்துச்சுன்னு எழுதணுமாங்க?" என்றார்.

"எழுதுங்கோ" என்றேன்.

திரும்பினால் அண்ணை பின்னால் நின்றார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. "என்னட்டைச் சொல்லியிருந்தா அண்ணியின்ரை மற்ற அக்காவை விட்டு எடுத்திருப்பம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்கு மலைநாட்டுக்காரரின் கோபத்தைவிட நன்றாக உறைத்தது. நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே கட்டின கோட்டை அந்த ஒரு வசனத்தில் பொலபொலவென்று விழுந்தது.

வியாழக்கிழமை பத்தரைக்கே மலைநாட்டுக்காரர் தன் பாதியை மட்டும் எழுதினார். மிஞ்சின நேரத்தில் தன் மற்றத் தட்டையும் எழுதினார் என்று பிறகு அறிந்தேன். அடுத்த வாரம் குளிர் இயந்திரத்தில் அவருடைய கோடுகள் நினைத்தபடி வேலை செய்தன. கடைசி அத்தியாயம் எழுதினார், பட்டமும் பெற்றார். இதெல்லாம் மதுரைப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அடுத்த முறைக்கு ஆறு மாதம், அதில் ஒரு கோளாறு வந்து இன்னும் மூன்று மாதம். என் ஆராய்ச்சி ஒரு வருடம் பிந்தியது. ஏன் பிந்தியது என்று கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னேன். முதல் இரண்டு தடவை நாக்கு வளையவில்லை. பிறகு பழகிவிட்டது.

அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பதில் இல்லை. புதுவருடத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன். அதற்கும் இல்லை. அவர் பக்கம் நியாயம் இருந்ததால் எனக்குக் குறைப்படவும் வழியில்லை. ஆனால் மனம் சும்மா இருக்குமா? அந்த மஞ்சள் வெளிச்ச அறையும், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதும், சாப்பாட்டு மேசையில் அவருக்குப் புரையேறினதும் அடிக்கடி வந்துபோகும். அந்த நட்பை நானே என் கையால் கெடுத்திருந்தேன்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. மதுரைப் பெண் திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இயந்திரத்தையும் கழற்றிவிட்டுப் புதியது வைத்திருக்கிறார்களாம். அண்ணையின் மகள் உயர்தரம் படிக்கிறாள், மாமியைவிட அரை அடி உயரம். நான் ஆராய்ச்சியை முடித்து, படிப்பிக்கிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கு ஒன்றரை வருடம் கழித்து, ஒரு காலையில் விரிவுரைக்குப் போக வெளிக்கிடும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. மலைநாட்டுக்காரர். வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலையில் சேர்ந்திருந்தார். நலமா என்று கேட்கவில்லை, பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தனக்கு அந்தக் கூடத்தில் மறுபடி முறை கிடைத்திருப்பதாகவும், அரைத் தட்டுத்தான் தேவைப்படுவதாகவும், மற்ற அரையில் என் கோடுகளைப் போடலாம் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி இதுதான்: "இரண்டையும் சேர்த்துக் கோப்பை நீங்களே தயாரித்து அனுப்புங்கள்."

அவரே சேர்த்திருக்கலாம், அரை மணித்தியால வேலை. வேறு யாரிடமும் கொடுத்திருக்கலாம். நான் விரிவுரைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன், ஏன் பிந்தினேன் என்று மாணவர்களிடம் சொல்லத்தான் முடியவில்லை. என்னை நம்பாமல் இருக்க அந்த மனிதருக்கு எல்லாக் காரணமும் இருந்தது, அது தெரிந்தே மறுபடி என் கையில் அவர் கொடுத்த அந்த அரைத் தட்டை நினைத்துக்கொண்டு, இன்றைக்கும் எந்தக் கோப்பையும் பெரிதாக்கி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.